குட்டி லொறிக்கு எந்தப் பிளக்: நிக்கலா, பிளாட்டினமா, இரிடியமா?

பெற்றோலைப் பொறி விட்டுப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் வாங்க, காத்தான்குடியிலோ கல்முனையிலோ உதிரிப்பாகக் கடையில் போய் "பிளக் ஒரு செற் தாங்க" என்று கேட்டால் மூன்று விதப் பெட்டிகள் மேசைக்கு வரும். விலை குறைந்தது சாதாரண நிக்கல் பிளக். விலை கூடியது இரிடியம். அது ஒன்று வாங்கும் காசுக்கு நிக்கலில் மூன்று நாலு வாங்கலாம். இரண்டுக்கும் நடுவில் பிளாட்டினம். "இரிடியத்தைப் போடுங்க அண்ணன், ஒரு லட்சம் கிலோமீற்றருக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்ல" என்பார் கடைக்காரர். கராஜில் மெக்கானிக் பாஸைக் கேட்டால், "சும்மா காசைக் கொட்டாதீங்க, சாதாரணம் போதும்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சில லொறிகளுக்குச் சரி, சில லொறிகளுக்குப் பிழை.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் இருந்த வண்டியையே எல்லோரும் ஓட்டித் தேய்த்தார்கள். அதனால் பிளக் பற்றிய கேள்வி இப்போது முன்னைவிட அதிகம் வருகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது பெற்றோல் லொறிகளுக்கான கதை: சுசுகி கரி, டைஹட்சு ஹைஜெட் போன்ற 660 சிசி ஜப்பான் குட்டி லொறிகள், டொயோட்டா டவுன்ஏஸ் மாதிரி கொஞ்சம் பெரியவை. டீசலில் ஓடும் டிமோ பட்டா, எல்ஃப், கன்டர் எதிலும் ஸ்பார்க் பிளக் கிடையாது. டீசல் இஞ்சினில் பிளக் என்று இருந்தால் அது குளிர் நேரத்தில் ஸ்டார்ட் பண்ண உதவும் ஹீட்டர் பிளக். அது வேறு சாமான், இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

## எதை வைத்து அளப்பது

இலக்கம். எந்த உலோகம் என்று யோசிப்பதற்கு முன் பிளக்கின் இலக்கம் பொருந்த வேண்டும். உதாரணத்துக்கு ஜப்பான் கம்பனியான என்ஜிகேயின் பிகேஆர்6இ-11 என்ற இலக்கத்தை எடுங்கள். "பி" என்றால் 14 மில்லிமீற்றர் மரை. "கே" என்றால் 16 மில்லிமீற்றர் சாவி. "ஆர்" என்றால் உள்ளே ரேடியோ இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் உண்டு. 6 வெப்ப எண். "இ" என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீற்றர். கடைசியில் உள்ள 11, நடுமுனைக்கும் அதன் மேல் வளைந்து நிற்கும் முனைக்கும் நடுவில் பொறி பாயும் இடைவெளி 1.1 மில்லிமீற்றர் என்பதைச் சொல்கிறது. மரை நீளம் கூடினால் பிளக்கின் முனை பிஸ்டனில் முட்டலாம். குறைந்தால் பிளக் ஏறும் சிலிண்டர் ஹெட்டின் வெறும் மரையில் கரி கட்டும், அடுத்த முறை சரியான பிளக் போகாது.

வெப்ப எண்ணில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக் கூட பிளக் "குளிர்", அதாவது வெப்பத்தை வேகமாக ஹெட்டுக்குக் கடத்திவிடும். போஷிலும் சாம்பியனிலும் இது தலைகீழ், எண் கூடினால் "சூடு". என்ஜிகேயின் 6 டென்சோவில் 20, 5 என்றால் 16, 7 என்றால் 22. கம்பனி மாறி வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் அம்போதான்.

"நம்மட ஊர் வெயிலுக்குக் குளிர் பிளக் போடு" என்றொரு ஆலோசனையும் உலவுகிறது. கேட்காதீர்கள். பிளக்கின் முனை வேலை செய்ய வேண்டியது ஏறத்தாழ 450 பாகைக்கும் 850 பாகைக்கும் இடையில். வெளியே 24 பாகையா 34 பாகையா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. 450க்குக் கீழே நின்றால் முனையில் படியும் கரி தானாக எரியாது, 850ஐத் தாண்டினால் பிளக்கே நெருப்புத் துண்டாகி நேரத்துக்கு முன்னே பெற்றோலைப் பற்றவைக்கும். இஞ்சின் செய்தவன் சொன்ன எண்ணிலேயே நில்லுங்கள்.

உண்மையான ஆயுள். பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீற்றர் கணக்கு சாதாரணக் கார்களுக்கானது. 660 சிசி இஞ்சின் அதே வேகத்துக்கு மிகக் கூடச் சுற்ற வேண்டும், சுற்றச் சுற்ற பிளக்கும் அத்தனை தடவை பொறி விட வேண்டும். அதனால்தான் ஜப்பான் கம்பனிகளே இந்தச் சிறிய வண்டிகளுக்குப் பாதி ஆயுள்தான் சொல்கின்றன. நம்ம கடைகளில் இந்தப் பாதிக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

கழற்றும் கூலி. இந்த லொறிகளில் இஞ்சின் பெரும்பாலும் முன் சீற்றுக்கு அடியில். சீற்றைத் தூக்கி, மூடியைக் கழற்றி, சில வண்டிகளில் காற்றுக் குழாயையும் விலக்கினால்தான் பிளக் தெரியும். நீங்களே கழற்றுபவரா, கராஜுக்குக் கொடுப்பவரா என்பது கணக்கையே மாற்றும்.

கொயில். பிளக்குக்குப் பொறி விட உயர் வோல்ட் கொடுக்கும் சாமான் இது. தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகலும். அகன்ற இடைவெளியைத் தாண்ட கொயில் கூடிய வோல்ட் கொடுக்க வேண்டும். அப்படியே இழுத்துக்கொண்டு ஓடினால் ஒரு நாள் கொயில் எரியும். ஒரு கொயிலின் விலைக்கு நல்ல பிளக் செற் வாங்கிவிடலாம். பிளக் விஷயத்தில் மறைந்திருக்கும் பெரிய செலவு இதுதான்.

## சாதாரண நிக்கல்

நடுமுனை இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பமான நிக்கல் கலவை, உள்ளே வெப்பத்தைக் கடத்தச் செம்பு. கடையில் "கொப்பர் பிளக்" என்று கேட்டாலும் கிடைப்பது இதுதான். பொறி விடும் முனை செம்பு இல்லை, நிக்கல். நிக்கல் 1455 பாகையில் உருகும். மூன்றிலும் குறைந்த பாகையில் உருகுவது இதுதான், சீக்கிரம் தேய்வதும் இதுதான்.

ஆயுள் சாதாரணக் காரில் 15,000 முதல் 20,000 கிலோமீற்றர். 660 சிசி வண்டியில் 7,000 முதல் 10,000. புதிதாகப் போட்டதும் வேலை செய்வதில் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை மாற்ற மறப்பதில்தான். "இன்னும் ஓடுதுதானே" என்று 25,000 வரை இழுத்தால், மிச்சம் பிடித்த காசு பெற்றோலிலும் கொயிலிலும் போய்விடும்.

நிக்கல் தெளிவாக வெல்லும் இடங்கள் உண்டு. ஒயில் குடிக்கிற பழைய இஞ்சின் என்றால் எந்தப் பிளக் போட்டாலும் கொஞ்ச நாளில் கரி பிடிக்கும். அதில் இரிடியம் போடுவது வீண் செலவு. வால்வு சீலையோ ரிங்கையோ பார்க்கும்வரை மலிவான நிக்கலை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியும் அப்படித்தான். காத்தான்குடிச் சந்துகளில் பாணும் சோடாவும் இறக்கி, நூறு யார் தூரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் போகிற லொறியில் பிளக் 450 பாகையைத் தொடுவதே அபூர்வம். தேய்வதற்கு முன்னே கரி பிடித்துவிடும். கரி பிடித்த நிக்கலைத் துடைத்து, இடைவெளி பார்த்து மறுபடி போடலாம். அந்த வசதி மற்றவற்றில் இல்லை.

## பிளாட்டினம்

1768 பாகையில் உருகும், நிக்கலைவிட மெதுவாகத் தேயும். புதிய இலக்கங்களில் இதன் இடத்தை இரிடியம் பெருமளவு பிடித்துவிட்டது. இருந்தாலும் உங்கள் இஞ்சின் பிளாட்டினத்தோடு வந்திருந்தால் திரும்பவும் அதையே போடுவதில் தப்பில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில நாலு சிலிண்டர் இஞ்சின்களில் ஒரே கொயில் இரண்டு பிளக்குக்குப் பொறி கொடுக்கும். அப்படிப்பட்டதில் ஒரு பிளக்கில் மின்சாரம் நடுமுனையிலிருந்து வளைந்த முனைக்கும், மற்றதில் எதிர்த் திசையிலும் பாயும். எதிர்த் திசையில் பாய்கிற பிளக்கில் வளைந்த முனைதான் முதலில் தேயும். நடுமுனையில் மட்டும் பிளாட்டினம் வைத்த ஒற்றைப் பிளாட்டினம் அந்த வண்டிக்கு உதவாது, இரண்டு முனையிலும் உள்ள இரட்டைப் பிளாட்டினம்தான் வேண்டும்.

## இரிடியம், ஆனால் எந்த இரிடியம்?

இங்கேதான் ஆக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடைக்காரரில் பிழை சொல்ல முடியாது, அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இரிடியம் 2446 பாகையில்தான் உருகும், கெட்டியோ கெட்டி. அதனால் நடுமுனையை மிக மெல்லியதாகச் செய்ய முடிகிறது: டென்சோவில் 0.4 மில்லிமீற்றர் வரை, என்ஜிகேயில் 0.6. மெல்லிய முனையிலிருந்து பொறி குறைந்த வோல்டிலேயே பாயும். கொயிலுக்குச் சுமை குறைவு, காலையில் ஸ்டார்ட் சுலபம், மெதுவாக ஓடும்போது இஞ்சின் அதிராது. இவ்வளவும் உண்மை.

ஆனால் "இரிடியம்" என்ற பெயரில் விற்பது இரண்டு சாதி. முதலாவது வகையில் நடுமுனை மட்டும் இரிடியம், மேலே வளைந்து நிற்கும் முனை சாதா நிக்கல். என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸ், டென்சோ இரிடியம் பவர் இந்த வகை. இவை செய்யப்பட்டது நல்ல பொறிக்கு, நீண்ட ஆயுளுக்கு அல்ல. நடுமுனை அப்படியே இருக்க, வளைந்த முனை தேய்ந்து இடைவெளி அகன்றுவிடும். ஜப்பானில் இவற்றுக்குச் சொல்லும் ஆயுளும் சாதாரண நிக்கலுக்குச் சொல்வதுதான். ஒரு லட்சம் ஓடும் என்று நம்பி இதை வாங்கிப் போட்டவருக்கு மூன்று மடங்கு விலையில் கிடைத்தது நிக்கலின் ஆயுள்.

இரண்டாவது வகையில் வளைந்த முனையின் உட்பக்கத்திலும் ஒரு பிளாட்டினத் துண்டு ஒட்டியிருக்கும். டென்சோ இரிடியம் டஃப், என்ஜிகே லேசர் இரிடியம் இந்த வகை. ஒரு லட்சம் என்ற கணக்கு இவற்றுக்குத்தான், அதுவும் சாதாரணக் காரில். 660 சிசியில் 50,000.

பெட்டியைத் திறந்து பார்த்தே வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். பிளக்கை வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பிடித்து, வளைந்த முனையின் அடிப்புறத்தைப் பாருங்கள். நடுமுனைக்கு நேர் எதிரே நிறம் மாறிய சிறு வட்டமோ சின்னக் குமிழோ தெரிந்தால் இரண்டாவது வகை. வெறுமையாக, ஒரே நிறமாக இருந்தால் முதல் வகை. பெட்டியில் எழுதியிருப்பதைவிட இது நம்பகமானது.

## கணக்குப் போட்டுப் பார்ப்போம்

| பிளக் | சாதாரணக் கார் | 660 சிசி லொறி |
|---|---|---|
| நிக்கல் | 15,000–20,000 கி.மீ. | 7,000–10,000 கி.மீ. |
| ஒரு முனை இரிடியம் | நிக்கல் அளவே | நிக்கல் அளவே |
| இரு முனையிலும் விலை உலோகம் | 1,00,000 கி.மீ. வரை | 50,000 கி.மீ. வரை |

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போய்வர ஏறத்தாழ 80 கிலோமீற்றர். மாதம் 25 நாள் ஓடினால் 2,000. நிக்கல் போட்டால் ஐந்து மாதத்துக்கு ஒரு செற். இரு முனை இரிடியம் இரண்டு வருசத்துக்கு மேல். அந்தக் காலத்தில் நிக்கல் ஐந்து செற் போயிருக்கும், சீற்றைத் தூக்கிக் கழற்றிய கூலியும் ஐந்து தடவை. இரிடியம் நாலு மடங்கு விலை என்றே வைத்தாலும் இங்கே அது மலிவு. வாழைச்சேனைத் துறையிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வழியில் ஒரு சிலிண்டர் அடிக்காமல் நின்றால் நட்டம் பிளக் விலையில் இல்லை, பெட்டியில் உள்ள மீனில். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் பாரத்தோடு ஏறுகிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். பாரம் இழுக்கும்போதுதான் பிளக் கூடிய வோல்ட் கேட்கும், தேய்ந்த நிக்கல் அங்கேதான் கையை விரிக்கும்.

படுவான்கரைப் பக்கம் வயலுக்கு உரமும் விதை நெல்லும் கொண்டுபோக மட்டும் எடுக்கிற லொறி மாதம் 500 கிலோமீற்றர் ஓடினால் பெரிய விசயம். அதற்கு நிக்கல் ஒன்றரை வருசம் போகும். இரிடியம் போட்டால் கணக்குப்படி எட்டு வருசம் வரும். எட்டு வருசம் கழற்றாமல் விட்ட பிளக் ஹெட்டோடு இறுகிப்போய், கழற்றும்போது மரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். இந்த வண்டிக்கு நிக்கலே போதும்.

ஒரு முனை இரிடியத்துக்கு என்ன இடம்? கொயில் பலவீனமான பழைய வண்டி, காலையில் ஸ்டார்ட் பண்ண மல்லுக்கட்டுகிறது, கொயில் மாற்ற இப்போது காசில்லை என்றால் போடலாம், வித்தியாசம் தெரியும். ஆயுளுக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

ஜப்பான் ரீகண்டிஷன் இஞ்சினில் இருந்து கழற்றிய பழைய இரிடியத்தை மலிவாக விற்கும் ஆக்களும் இருக்கிறார்கள். அது எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. நான் வாங்க மாட்டேன்.

## போலி

விலை கூடிய பிளக்கில்தான் போலியும் அதிகம். பெட்டியின் அச்சைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், அதை வடிவாகவே அடிக்கிறார்கள். பிளக்கைப் பாருங்கள். அசலில் மரை ஒரே சீராக, பிசிறில்லாமல் இருக்கும். வளைந்த முனை நடுமுனைக்கு நேர் மேலே நிற்கும், ஒரு பக்கம் சாயாது. வாசரைச் சுழற்றினால் சுற்றும், ஆனால் மரையைத் தாண்டிச் சும்மா கழன்று வராது. மீற்றர் இருந்தால் இன்னும் நல்லது: ரெசிஸ்டர் பிளக்கின் மேல் நுனிக்கும் நடுமுனைக்கும் இடையில் ஐந்து கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டாலும், பூச்சியம் காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு செற்றில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தாலும் சந்தேகப்படலாம்.

## போட்ட பிறகு

இஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள். அலுமினிய ஹெட் சூட்டில் மரையைச் சுலபமாக விட்டுவிடும். கழற்றுவதற்கு முன் பிளக் குழிக்குள் காற்று அடியுங்கள். நம்ம பக்கம் மணல் ஊர், குழிக்குள் இருக்கிற மணல் சிலிண்டருக்குள் விழுந்தால் அதற்கு மருந்தில்லை.

கழற்றியதை சிலிண்டர் வரிசையிலேயே வையுங்கள். பீங்கான் நுனி வெளிறிய மண்ணிறமாக இருந்தால் எல்லாம் சரி. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூடப் போகிறது அல்லது ஓட்டம் மிகக் குறுகியது. பளபளப்பாக ஈரக் கறுப்பு என்றால் ஒயில். வெள்ளை வெளேரென்று கொப்பளித்திருந்தால் அதிக சூடு. ஒரு பிளக் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறு நிறத்தில் இருந்தால் பிளக்கை மாற்றி மட்டும் பயனில்லை, அந்த சிலிண்டரில் என்ன என்று பாருங்கள். வெளிப்புறப் பீங்கானில், இரும்புக்குச் சற்று மேலே மண்ணிற வளையம் ஒன்று தெரியும். கேஸ் கசிகிறது என்று சிலர் பயப்படுவார்கள். கசிவு இல்லை, உயர் வோல்ட்டால் காற்றில் உள்ள ஒயில் துகள் ஒட்டிக்கொள்வது. விட்டுவிடலாம். ஆனால் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அது பொறி வெளியால் பாய்ந்த தடம். பிளக்கையும் கொயில் ரப்பரையும் சேர்த்தே மாற்றுங்கள், பழைய ரப்பரில் உள்ள தடம் புதுப் பிளக்கிலும் அதே வேலையைக் காட்டும்.

நிக்கலை மென்மையாகத் துடைக்கலாம். இடைவெளிக்குள் எமரிக் கடதாசியை மடித்து ஓரிரு இழுப்பு இழுத்தால், உருண்டுபோன விளிம்பு மறுபடி கூராகி பொறி நன்றாகப் பாயும். சுழலும் கம்பிப் பிரஷ் வேண்டாம், அது பீங்கானில் உலோகக் கோடு விட்டுப் பொறியைத் திசை திருப்பும். இரிடியம், பிளாட்டினம் இரண்டிலும் பிரஷ், எமரி எதுவும் படக்கூடாது. கரி பிடித்தால் கிளீனர் அடித்துக் காற்றில் உலர்த்துவதோடு சரி. இடைவெளியைத் திருத்துவதானால் வளைந்த முனையை மட்டும் தொடுங்கள். நடுமுனையில் நெம்பினால் 0.4 மில்லிமீற்றர் இரிடியம் சத்தமில்லாமல் முறியும். கீழே விழுந்த பிளக்கை, புதிதென்றாலும், போட வேண்டாம். பீங்கானில் விழும் வெடிப்பு வெளியே தெரியாது.

திருப்பிப் போடும்போது பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, அதைக் கையால் சுழற்றி முதல் மரைகளைப் பிடிக்க விடுங்கள். கோணலாகப் போனால் ரப்பர் வழுக்கும், மரை பிழைக்கும். கையால் முட்டிய பிறகு, 14 மில்லிமீற்றர் புதுப் பிளக் என்றால் சாவியால் ஏறத்தாழ அரைச் சுற்று. வாசர் நசுங்கிய பழைய பிளக் என்றால் மிகக் கொஞ்சம், மணிக்கூட்டில் ஒரு மணி நேர அளவு. இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்ச் இருந்தால் 14 மில்லிமீற்றருக்கு 25 முதல் 30 நியூட்டன் மீற்றர், 12 மில்லிமீற்றருக்கு 15 முதல் 20. பாஸ்மார் சிலர் மரையில் கிரீஸ் பூசுவார்கள். என்ஜிகே வேண்டாம் என்கிறது: மரைக்கு ஏற்கெனவே பூச்சு உண்டு, கிரீஸ் சேர்ந்தால் நமக்குத் தெரியாமலே அதிகம் இறுக்கிவிடுவோம். பூச வேண்டிய இடம் கொயில் ரப்பரின் உள்வாய், அதுவும் சிலிக்கன் கிரீஸ், மெல்லிசாக. மாரி காலத்தில் வெள்ளத்துக்குள்ளால் ஓட்டிய மறுநாள் இஞ்சின் அடித்து அடித்து ஓடினால் பெரும்பாலும் பிளக் செத்திருக்காது, குழிக்குள் தண்ணீர் நிற்கும். கொயிலைக் கழற்றி, குழியைத் துடைத்து உலர்த்திப் பார்த்துவிட்டு மறுகா கடைக்குப் போகலாம்.

நிக்கல் பாவிப்பவர்கள் 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை கழற்றி பீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். இரு முனை இரிடியம் போட்டவர்கள் வருசத்துக்கு ஒரு தடவை கழற்றினால் போதும். தேய்வு பார்ப்பதற்கு என்பதைவிட, மரை இறுகாமல் இருப்பதற்கு.